பனி விழாத ஊரில் பனிப்பாடம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் வேதவதி விசிறிக்கொண்டு வருவது பனிப்பாடத்தால்தான். பனி குவிந்தால் கூரை எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று விளக்கும் தாள்கள். "இதுல வர்ற குளிர்ச்சி வேற எதுலயும் வராதுங்க" என்பார் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம்.

திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் சிவில் பேராசிரியை. கல்லூரி தரும் பட்டம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கூட்டு. கட்டணமும் வியர்வையும் நம்முடையது, பாடம் அவர்களுடையது. ஒரு வரியை மாற்றவும் கடல் தாண்டி உத்தரவு வர வேண்டும்.

"இங்க எப்ப மேடம் பனி விழும்?" என்று மாணவி சுபஸ்ரீ ஒருநாள் கேட்டாள்.

"பரீட்சையில விழும். குடை எடுத்துட்டு வா."

சிரிப்பெல்லாம் வகுப்போடு சரி. இவரிடம் படித்தவர் தென்னூரில் கட்டிய டியூஷன் சென்டரின் மேல்மாடியில், பிள்ளைகள் மதிய வெக்கையில் மயங்கி விழுகிறார்கள். அதையும் குறிப்பிட்டு வேதவதி, பனிக்குப் பதில் வெயிலைப் பாடமாக வைக்கச் சொல்லி வருஷா வருஷம் எழுதுவார். பொதுத்தரம் கெடும் என்று பதில் வரும். "ரங்கா! வெயிலுக்கும் விசா வேணுமா?" என்று பொருமுவார். பிரின்சிபால் பாக்கியநாதனோ, "அவங்க முத்திரைக்காகத்தாங்க பிள்ளைங்க சேருது, கிளறாதீங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

போன மே மாதம் அங்கிருந்து பாடத்திட்டத் தலைவரே வந்து இறங்கினார், கோட்டும் டையுமாக. ஏ.சி. அறை தயாராக இருந்தது. "வகுப்பையே பாக்கட்டுமே சார்" என்று மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் தன் வகுப்புக்கு அழைத்துப் போனார் வேதவதி. ஆளுயர மாலை போட்டு, இரண்டு சால்வை போர்த்தினார். கூட்டம் முடியுமுன் சால்வையைக் கழற்றுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை என்று, எந்த ஊரிலும் இல்லாத வழக்கத்தை நல்ல ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

"ஃபேனுக்கு என்னங்க ஆச்சு?" பிரின்சிபால் பதறினார்.

"சொல்லியிருக்கேன் சார். வந்துருவாங்க."

பிறகு பனிப்பாடத்தை நிதானமாக, ஒரு வரி விடாமல் நடத்தினார். மாலை வாடியது. தலைவருக்கு மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பொறுக்க முடியாமல் அவரும் அந்தத் தாள்களையே எடுத்து விசிறிக்கொண்டு, கூரை ஏன் இப்படிக் கொதிக்கிறது, இதற்கெல்லாம் உங்கள் பாடத்தில் எதுவுமே கிடையாதா என்று கேட்டார். வேதவதி, தான் எழுதி வைத்திருந்த வெயில் பாடத்தை அவர்முன் நகர்த்தினார். தலைவர் படித்தார். பனியை அடித்துவிட்டு, வெயிலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அவர் பேனாவை மூடும்வரை பொறுத்திருந்த வேதவதி, கைப்பையைத் திறந்து, காலையிலேயே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஃபேன் ஃபியூஸ் கட்டையை எடுத்துக்கொண்டு சுவிட்ச் போர்டுப் பக்கம் நடந்தார்.