நாற்பதில் ஒரு பொட்டு

என் நாத்தனாருடைய மோட்டார் சைக்கிளின் மீட்டரில், நாற்பது என்ற எண்ணுக்கு நேராக ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். நெற்றியில் வைக்கிற பொட்டுதான், என்னுடைய அட்டையிலிருந்து எடுத்தது. ஒட்டியவர் என் மாமனார். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற வீடுகள் உண்டு, சாமி படம் ஒட்டுகிற வீடுகள் உண்டு. மீட்டருக்குப் பொட்டு வைத்த வீடு மந்தைவெளியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அது அடிக்கடி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் நான் புதிதாக ஒன்று ஒட்டுவேன். இன்றைக்கும் ஒட்டுகிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் மீட்டரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லி முடிக்க எந்த சிக்னலும் போதாது.

நாத்தனார் என் கணவரின் தங்கை. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து இரண்டே வருடத்தில், கொண்டுபோன பெட்டிகளில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒத்து வரல" என்ற இரண்டு சொற்கள்தான் கிடைத்தன. எனக்கும் அவ்வளவுதான். ஆறு மாதம் அறையை விட்டு அதிகம் வெளியே வராமல் இருந்தவள், திடீரென்று ஒரு நாள் பெசன்ட் நகரில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் பஸ்ஸில் போனாள். அப்புறம் வண்டி வாங்கப் போவதாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஸ்கூட்டர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டோம். அவள் வந்து இறங்கியது கியர் வைத்த, டேங்க் வைத்த, தெருவே திரும்பிப் பார்க்கிற மோட்டார் சைக்கிளில். மாமனார் கேட்டுக்கு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் என்னிடம் வந்து ஒரு பொட்டு கேட்டார்.

நாற்பதைத் தாண்டக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. தாண்டினால் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். மகளுக்கு நடந்த எதையும் அவரால் தடுக்க முடியவில்லை, வேகத்தையாவது தடுப்போம் என்று நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அவர் காவலுக்கு வைத்தது என்னை. அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பில் எனக்கு வேலை. இருவரும் ஒரே பக்கம் போகிறவர்கள், பின்சீட்டில் நான். "நீ பின்னால உக்காந்து அந்தப் பொட்டப் பாத்துக்கோம்மா. முள்ளு அதத் தாண்டினா எனக்குச் சொல்லணும்" என்றார். நாத்தனாரின் வண்டியில் ஏறி நாத்தனாரையே உளவு பார்க்கச் சொன்னால் எந்த மருமகளுக்குத்தான் இனிக்கும்?

காலை நேரத்தில் மந்தைவெளியிலிருந்து அடையாறு போகிற வழியில் நாற்பதைத் தொடுவதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பஸ் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போவோம். ஆனால் நடுவில் ஆற்றுப் பாலம் இருக்கிறது. பாலத்தில் ஏறியதும் முன்னால் இருக்கிற வண்டிகள் சட்டென்று பிரிந்து இடம் விடும், கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து அறையும், அவள் கை தானாகத் திருகும். முதல் வாரமே முள் பொட்டைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் மாமனார் கேட்டில் நின்று, "எவ்ளோ போச்சு?" என்றார். "நாப்பதுதான் மாமா" என்றேன். எனக்குப் பொய் வராது. நல்ல குணத்தால் அல்ல, காது சிவந்துவிடும். என் காதைப் பார்த்து என் கணவர் சிரித்தார், மாமனார் கையை நீட்டினார், நாத்தனார் சாவியைக் கொடுத்தாள். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாவி திரும்பக் கிடைத்த பிறகு, ஒரு சனிக்கிழமை என்னை லஸ் பக்கம் ஒரு சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். பேட்டைக்கே அவர் பாய்தான். வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றி, எஞ்சினிலிருந்து செயினை இழுக்கிற சின்னப் பல்சக்கரத்தைக் காட்டினார். அதுதான் முன் ஸ்ப்ராக்கெட். அதில் பதினான்கு பல் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பதினைந்து பல் உள்ளதைப் போட்டார். எனக்கு எதுவும் புரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தி, அவள்தான் விளக்கினாள். சில வண்டிகளில் மீட்டர் முன்சக்கரத்திலிருந்து கணக்கு எடுக்குமாம். இவள் வண்டியில் அந்த ஸ்ப்ராக்கெட் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுமாம். ஒரு பல் கூடினால், அது ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓடிவிடும். மீட்டருக்கு அந்த ஒரு பல் கூடியது தெரியாது. அது பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். முள் நாற்பதில் நிற்கும்போது வண்டி நாற்பத்து மூன்றில் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று கிலோமீட்டருக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்டேன். அவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்க பொய் சொல்ல வேணாம் இல்ல அண்ணி? மீட்டர் சொல்லட்டும். நீங்க அது காட்டுறத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். என் காதுக்காக ஒரு வண்டியின் பல்லையே மாற்றியவள் அவள். அவளைப்போல என்னைப் புரிந்துகொண்டவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை, என்னைக் கட்டிக்கொண்டவர் உட்பட.

அதற்குப் பிறகு பாலத்தில் ஏறினால் ஒரு விளையாட்டு. முள் பொட்டின் மேல் வந்து உட்கார்ந்ததும், முன்னால் இருக்கிற மீட்டர் தன் கண்ணுக்கே தெரியாத மாதிரி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துவாள், பாயின் குரலிலேயே: "இன்னா காட்டுது அண்ணி?" நான் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நாப்பது!" என்று கத்துவேன். இரண்டு பேரும் சிரிப்போம். பக்கத்தில் ஷேர் ஆட்டோகூட எங்களை முந்திக்கொண்டு போகும். இருந்தாலும் அந்த மூன்று கிலோமீட்டர் யாருக்கும் தெரியாமல் எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தோம் தாண்டி மெரினா வரை போய்விட்டு வருவோம். ரோடு காலியாகக் கிடக்கும், நூறுகூடப் போகலாம். அவள் போக மாட்டாள். முள் பொட்டிலேயே நிற்கும். அப்பாவை ஏமாற்றுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன், அவரை மீறவும் அவளுக்கு மனமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் மாமனார் கேட்பார், "நாப்பதுதான் மாமா" என்பேன். காது சிவக்காது. நான் பார்த்ததைத்தானே சொன்னேன்.

அப்படிச் சில வருடங்கள் ஓடின. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களில்தான் நான் நிறையச் சிரித்திருக்கிறேன். அப்புறம் அவளுக்குப் புனேவில் பெரிய வேலை கிடைத்தது. மாமனார் தடுக்கவில்லை. ரயிலேறுகிற அன்று சாவியை என் கையில் வைத்து, "வண்டி சும்மா நிக்கக் கூடாது அண்ணி" என்றாள். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு, உங்கண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். நான் சைக்கிள் ஓட்டியே பல வருடம் ஆகியிருந்தது. போனில் பேசும்போதெல்லாம் வண்டியை எடுத்தீர்களா என்று கேட்பாள். உங்கண்ணன் நேற்றுத்தான் ஸ்டார்ட் பண்ணினார் என்பேன். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சு நிற்கும். பிறகு வேறு ஏதாவது சொல்வாள். பெருந்தொற்றின் இரண்டாவது வருடத்தில், யாரும் எங்கேயும் போக முடியாதபோது, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. மாமனார் கேட்டில் நிற்பதை விட்டுவிட்டார்.

என் கணவர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்குத் தாங்கவில்லை என்றார், அவருக்குமே தாங்கவில்லை. நான்தான் கூடாது என்றேன். அப்படியானால் யார் ஓட்டுவது என்று கேட்டார். "நான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சாந்தோம் லூப் ரோட்டில் விடியற்காலையில் கற்றுக்கொண்டேன். அவர் கூடவே ஓடிவந்து திட்டுவார், நான் வண்டியோடு சாய்ந்து திட்டுவேன். மீன்கூடை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். "இன்னாக்கா, வண்டி உன்னிய ஓட்டிக்கினு போவுது?" என்று அதில் ஒருத்தி கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடையாறு வரை தனியாகப் போய்வர ஆரம்பித்தேன். பாலத்தில் முள் பொட்டைத் தொடும்போதெல்லாம் மனதுக்குள் நாற்பத்து மூன்று என்று சொல்லிக்கொள்வேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பல்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சர்வீஸ் விடும்போது, செயினுக்கு எண்ணெய் போடுங்கள், அந்த மூடியைத் திறக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

ஆனால் இரும்பும் தேயும். போன மாதம் செயின் தொய்ந்து, கியர் போடும்போதெல்லாம் டக் டக்கென்று நழுவ ஆரம்பித்தது. முன்னும் பின்னும் ஸ்ப்ராக்கெட் மாற்றாமல் வண்டியைத் தொடாதீர்கள் என்று ஸ்டேஷன் கடைக்காரர் சொல்லிவிட்டார், கம்பெனி அளவுதான் போடுவேன் என்றும் சொன்னார். கம்பெனி அளவு போட்டால் மீட்டர் சரியாகிவிடும், அவள் போய்விடுவாள். பாயைத் தேடினேன். லஸ் சந்தில் அவர் கடை ஊரடங்கின்போதே மூடிப்போய், அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நாலு பேரைக் கேட்டு, திருவான்மியூரில் மகனோடு சேர்ந்து அவன் கடையில் வேலை செய்கிறார் என்று கண்டுபிடித்தேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைத் தெரியவில்லை. மீட்டரில் பொட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவள் இறந்துபோனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கைத்துணியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், நீங்கள் முன்னால் போட்டீர்களே, அதே பதினைந்து பல் ஸ்ப்ராக்கெட்டையே திரும்பப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் மூடியைக் கழற்றினார். செயினைத் தள்ளி, மண்ணெண்ணெயால் துடைத்து, விரலால் எண்ணினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல பெரிய பல்லு இல்லியேம்மா. கம்பெனி பல்லுதான் கீது."

நான் நம்பவில்லை. என்னையே எண்ணச் சொன்னார். தேய்ந்து கூராகிப்போன பற்களை உட்கார்ந்து எண்ணினேன். பதினான்குதான் இருந்தது. யாரோ மாற்றிவிட்டார்கள், நான் அத்தனை சொல்லியும் திறந்துவிட்டார்கள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் கையை அசைத்து என்னை நிறுத்தினார். கழற்றிய ஸ்ப்ராக்கெட்டைத் துணியில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"நான்தாம்மா மாத்துனேன். ஊருக்குப் போறதுக்கு மொத நாளு தங்கச்சி வந்துச்சு. பழச பத்திரமா வச்சிருந்து கையில எடுத்துக்கினு வந்துச்சு. இன்னாத்துக்குமா, வண்டி நல்லாத்தானே ஓடிக்கினு கீதுன்னேன். இனிமே அண்ணிதான் பாய் ஓட்டுவாங்க, அவங்க மீட்டர் காட்டுறத அப்படியே நம்பிடுவாங்க, அவங்களுக்குப் பொய் காட்டக் கூடாதுன்னுச்சு. புதுசா ஓட்டுறவங்களுக்குக் கெளம்புறப்ப இதான் லேசா இழுக்கும்னு நானும் சொன்னேன்."

நான் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கூடப் பார்க்காத காலம் அது. என்னால் ஆகும் என்று எனக்கே தெரியாதபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியை எடுத்தீர்களா என்று அவள் போனில் ஒவ்வொரு முறையும் கேட்டதும், என் பதிலுக்குப் பிறகு பேச்சு நின்றதும் எதற்கென்று அந்தக் கடை வாசலில்தான் எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், இதை அவள் வாயாலேயே கேட்டிருப்பேன். அந்தக் குரலில், அந்தச் சிரிப்போடு கேட்டிருப்பேன்.

எதைப் போடட்டும் என்று பாய் கேட்டார். பதினான்கு பல், பதினைந்து பல் இரண்டும் புதிதாக அவரிடம் இருந்தன. "அவ போடச் சொன்னதையே போடுங்க பாய்" என்றேன். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டைத் துணியோடு சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பாலத்தில் ஏறியதும் எப்போதும்போல முன்னால் வண்டிகள் பிரிந்து இடம் விட்டன, எப்போதும்போலக் கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. முள் ஏறி ஏறிப் பொட்டின் மேல் உட்கார்ந்தது. இத்தனை நாளும் நாற்பத்து மூன்று என்று நான் நினைத்து ஓட்டியதெல்லாம் வெறும் நாற்பதுதான். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருகினேன். முள் பொட்டிலிருந்து நகர்ந்து, அதை ஒரு நூலளவு தாண்டி நின்றது. என் முன்னால் அவள் தோள் இல்லை, எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. என்ன காட்டுகிறது என்று யாரும் கேட்கவுமில்லை. நான் ஹெல்மெட்டுக்குள் உரக்கச் சொன்னேன்: "நாப்பத்தி மூணு."