பேசிவைத்த துப்பாக்கி

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் முப்பத்தாறு தையல் மெஷின் ஓடும் ஒரு சின்னக் கம்பெனிக்கு பழனிமுத்து முதலாளி. வயது ஐம்பத்து நாலு. யாரிடமும் ஒரு கோன் நூல்கூட ஏமாற்றி வாங்கியதில்லை என்று ஊருக்குள் அவருக்கு ஒரு பேர். அந்தப் பேரின் மேல் அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

போன ஆனியில் கணியூர்ப் பக்கம் பங்காளி ஊர்க் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போன இடத்தில், பலூன் சுடுகிற கடையில் சும்மா நின்றவர் பன்னிரண்டுக்குப் பதினொன்றை உடைத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டர், தினம் ஒரு மணி நேரமாவது போனைத் தூர வையுங்கள் என்று வேறு சொல்லியிருந்தார். ஒரு துப்பாக்கி வாங்கி, குறி பார்த்துச் சுட்டுப் பழகினால் என்ன?

டீ நேரத்தில் இதைச் சொன்னபோது தையல் லைனில் எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம விஜயராணி சுடும்ங்க. ஞாயித்துக்கிழமை கிளப்புக்குப் போகுதே, தெரியாதுங்களா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

பழனிமுத்துவுக்குத் தெரியாது. விஜயராணி பதினொரு வருஷமாக அவரிடம் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். உசிலம்பட்டிக்காரி, கணவன் டெம்போ ஓட்டுகிறான். காலேஜில் என்.சி.சி.யில் சுடக் கற்றவள், இங்கே கிளப்பின் பழைய துப்பாக்கியை வைத்துப் பழகி வந்தாள்.

அவர் போனில் பார்த்து வைத்திருந்த துப்பாக்கியைக் காட்டினார். கறுப்பாக, நீளமாக, மேலே பெரிய ஸ்கோப்.

"இது செவுத்துல மாட்டி வைக்க நல்லாருக்கும்ண்ணே," என்றாள். "குறி பழகணும்னா ஸ்கோப்பு வேணாம். ஓட்டை வச்ச சைட்டு போதும். பாயின்ட் டூ டூ துப்பாக்கி கேட்டீகன்னா லைசென்ஸுக்கு அலையணும். மொதல்ல நாலரை எம்.எம். ஏர் ரைஃபிள் எடுங்க. வெலையும் கம்மி, குண்டும் சல்லிசு. ஆனா கையில பிடிச்சுப் பாக்காம எதையும் வாங்காதீக."

அடுத்த ஞாயிறு அவளே அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போனாள். பயிற்சியாளர் தரணீதரன் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ஸ்பிரிங் துப்பாக்கி. புதிது, விலை கம்மி, ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் உதைத்தது. இரண்டாவது காற்றுச் சிலிண்டர் வைத்தது. அதன் விலையைக் கேட்டு பழனிமுத்து கீழே வைத்துவிட்டார். மூன்றாவது, ஊர் மாறிப் போகிற ஒரு பேங்க் மேனேஜர் விற்கக் கொடுத்திருந்த பழைய போட்டித் துப்பாக்கி. பக்கவாட்டுக் கைப்பிடியை ஒவ்வொரு தடவையும் இழுத்துக் காற்றை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் சிரமம். தோளில் வைத்ததும் அது அசையாமல் உட்கார்ந்தது. ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன.

"எப்படிண்ணே இருக்கு?" என்றாள் விஜயராணி, முகமெல்லாம் சிரிப்பாக. "இதைத்தேன் நான் எடுத்துக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன். தீபாவளி போனஸ் வரட்டும்னு இருக்கேன்."

"எடுத்துக்க அம்மிணி," என்றார் பழனிமுத்து.

மனசாரத்தான் சொன்னார். ஆனால் திங்களும் செவ்வாயும் அந்தத் துப்பாக்கி தோளில் உட்கார்ந்த விதம் அவரை விடவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அந்த மேனேஜர் வேறு யாருக்காவது விற்றுவிட்டால்? யாரோ எடுப்பதை நான் எடுத்தால் என்ன? இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வியாழக்கிழமை, விஜயராணி ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தரணீதரனுக்குப் போன் போட்டார்.

"அது ராணி பேசி வெச்சதாச்சுங்களே," என்றார் தரணீதரன்.

"அட்வான்ஸ் கிட்வான்ஸ் ஏதாச்சுங் குடுத்திருக்குதுங்களா?"

"இல்லீங்க, வாய்ப்பேச்சுத்தானுங்க."

"அதுகிட்ட நாஞ் சொல்லீட்டனுங்க. செரின்னுருச்சு."

அவர் சொல்லவில்லை. அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே போய்ப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தார்.

வீட்டில் அவர் மனைவி சித்ராதேவி, "யாருதுங்க இது?" என்று கேட்டாள்.

"என்ர துப்பாக்கிதான்," என்றார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் விஜயராணியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். லைனுக்குள் போவார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "அந்த நேவி ப்ளூ எத்தனை பீஸ் முடிஞ்சுது அம்மிணி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஞாயிறு காலையில்தான் அவள் கிளப்புக்கு வருவாள் என்பதால் பழனிமுத்து மத்தியானம் போனார். ஷிப்மென்ட் அவசரம் என்று அந்த ஞாயிறு மதியம் வரை வேலை வைத்திருந்தது அவரேதான். லைன் முடிந்துதான் அவள் வரமுடியும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் சரியாகப் பொருந்தாமல் ஓட்டைக்குள் வட்டம் நழுவிக்கொண்டே இருந்தது. பின்னால் குரல் கேட்டது.

"கன்னத்துக் கட்டை ஒசரமா இருக்குண்ணே."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காது மடல் எல்லாம் சுட்டது. விஜயராணி பக்கத்தில் வந்து, தன் பையிலிருந்த சின்னச் சாவியை எடுத்து, கட்டையின் திருகை இரண்டு சுற்று இறக்கினாள்.

"போன ஞாயிறு நீங்க போன பொறவு தரணி சார் என் மூஞ்சிக்குத் தக்கன ஏத்தி வச்சிருந்தாக. இப்ப பாருங்க, உங்களுக்குச் சரியா இருக்கும்."

பிறகு அலமாரிக்குப் போய், பிடியில் டேப் சுற்றிய கிளப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றாள். கோபப்பட்டிருந்தால், நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் பேசியிருப்பார். அன்று அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு, கார் வரைக்கும் தலையைத் தூக்காமல் நடந்தார்.

மறுநாள் ஆபீஸ் ரூமுக்கு அவளைக் கூப்பிட்டார்.

"அந்தத் துப்பாக்கிய நீயே வெச்சுக்க அம்மிணி. காசெல்லாம் வேண்டாம்."

"வேணாம்ண்ணே."

"செரி, போனஸ் வந்ததும் வாங்குன வெலைக்கே எடுத்துக்க."

அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேண்ணே. எங்கிட்டச் சொல்லிட்டதாத் தரணி சார்ட்டச் சொன்னீகளாமே..." கதவைத் திறந்தாள். "லைன்ல பீஸு நிக்குது. போறேண்ணே," என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

பழனிமுத்து அந்தத் துப்பாக்கியைப் பிறகு தொடவில்லை. ஒரு மாதம் அது பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தரணீதரனிடம் கொடுத்து, "கிளப்புலயே இருக்கட்டுங்க, யாரு வேணும்னாலும் சுடட்டும்," என்றார். உடனே கிளம்பவில்லை. "ராணிகிட்டச் சொல்லீட்டன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

"அந்த ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சு போச்சுங்க," என்றார் தரணீதரன். துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்தார்.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை எடுத்துச் சுட்டார்கள். விஜயராணி எடுக்கவில்லை. கார்த்திகையில் நடந்த போட்டியில் டேப் சுற்றிய துப்பாக்கியோடுதான் நின்றாள். ஐந்தாவதாக வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பழனிமுத்துவின் தோளைத் தட்டி, பக்கத்தில் இருந்தவர், "உங்க கம்பெனிப் புள்ளைங்களாமா? பெருமைதானுங்க," என்றார். பழனிமுத்து தலையை ஆட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் இரண்டு புள்ளி இருந்தால் மூன்றாவது என்று யாரோ பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து, மதுரையில் நடக்கிற அடுத்த போட்டிக்கு மூன்று நாள் லீவு கேட்டு அவள் ஆபீஸ் ரூமுக்கு வந்தாள். அவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"நாஞ் செஞ்சது தப்பு அம்மிணி. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"தெரியும்ண்ணே," என்றாள் விஜயராணி. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. லீவுத் தாளை மடித்துக்கொண்டு லைனுக்குப் போனாள்.