ஒரு பல்ப் காணும்

ஒரு தீப்பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சின்மேல் நகத்தளவு கறுப்புச் சில்லு. நான் வேலை பார்த்த மன்னார் மின்சாரக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, இஞ்சினியர் மிஸ் வந்த முதல் நாளே அதைத்தான் எனக்குக் காட்டினார். வெளிநாட்டில் அவர் ஆராய்ந்த மீகடத்தி நினைவகம் அது, கணினியின் ஞாபகத்தைச் சேமிக்கிற சில்லு. கடுங்குளிரில் வைத்தால், அதிலுள்ள வளையங்களில் ஒருமுறை ஓடத் தொடங்கிய மின்சாரம் நிற்காமல் சுற்றுமாம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதுதான் அதன் ஞாபகம். "எங்கட வெயிலிலை அதுக்கு மறதிதான் வரும், மிஸ்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அன்றே என்னை அண்ணை ஆக்கிவிட்டார்.

போர் முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அடம்பனுக்கு அப்பால் எங்கள் ஊருக்கும் மின்சாரம் வரப்போகிறது என்றதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நானும் முகாமிலிருந்து திரும்பி ஊரில் தகரக் கொட்டிலில் இருந்தவன்தான். ஒவ்வொரு வீட்டின் தேவையையும் கூட்டித்தான் மின்மாற்றியின் அளவைத் தீர்மானிப்பார்கள். சிறியது வந்துவிட்டால் பிறகு மாற்ற எத்தனை வருடம் செல்லுமோ, யாருக்குத் தெரியும்? வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன் நான். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஒரு பல்ப் காணும், தம்பி." ஒன்றே போதும் என்றதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மதிப்பீடு கொழும்புக்குப் போகவேண்டிய நாள் காலை, மிஸ் படிவங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வயல் செய்யிற ஊரிலை ஒருத்தருக்கும் மோட்டர் வேண்டாமோ, அண்ணை?" என் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். முதல் வீட்டிலேயே குட்டு வெளிப்பட்டது. கிணற்றடியில் ஓர் அம்மா சீமெந்து குழைத்துச் சதுரமாக மேடை கட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னத்துக்கு அம்மா?"

"மோட்டர் வைக்கத்தான், பிள்ளை."

"பிறகேன் ஒரு பல்ப் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கூடக் கேட்டால் தாறதையும் வெட்டிப்போடுவினம் எண்டுதான்."

முகாம் வரிசையில் படித்த பாடம் அது. இன்னொரு வாளி தண்ணீர் கேட்டவர் வெறும் வாளியோடு திரும்பியதைக் கண்டவர்கள் நாங்கள். அந்தப் பயம் மிஸ்ஸின் வளையத்து மின்சாரம் மாதிரி எங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மிஸ் கேள்வியையே மாற்றினார். "என்ன வேணும் எண்டு கேக்கேல்லை. கரண்ட் வந்தால் என்ன செய்வியள்?" அடேயப்பா! மடை திறந்ததுபோலக் கொட்டினார்கள். மா அரைக்கிற மில், தையல் மெசின், பிரிட்ஜ், மோட்டர், இன்னும் மோட்டர். ஓர் ஐயா மாட்டுக் கொட்டிலுக்கு ஃபான் போடப்போவதாகச் சொன்னார். எழுதிய வேகத்தில் எனக்குக் கை வலித்தது, சந்தோஷத்தில் வயிறு பசிக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குக் கந்தோருக்குப் பறந்து வந்தோம். மிஸ் தேவைகளைக் கூட்டிக்கொண்டே போனார். தொகை ஏற ஏற நான் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளில் அவர் கை நின்றது. "அண்ணை, இது உங்கட வீடெல்லோ?"

என் கையெழுத்துத்தான். பல்ப்: ஒன்று.

மின்சாரக் கந்தோரில் வேலை செய்பவன், படிவத்தையும் நானே நிரப்பியவன். எனக்கு யார் வெட்டப்போகிறார்கள்? வெட்கத்தில் முகம் சுட்டது. மிஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சொல்லுங்கோ" என்று பேனையை எடுத்தார். மோட்டர் என்று தொடங்கினேன். பிரிட்ஜ் என்றேன். மனைவிக்குத் தையல் மெசின், மகளுக்குப் படிக்க மேசை விளக்கு. அதுவரை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லாத ஆசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பெரிய மின்மாற்றிதான் வந்தது. மிஸ் பிறகு தம் ஆய்வுகூடத்துக்கே போய்விட்டார். எங்கள் வயலில் இப்போது இரண்டு மோட்டர் ஓடுகிறது. முகாமை விட்டு நான் உண்மையில் ஊர் வந்து சேர்ந்தது, மிஸ்ஸிடம் ஆசைகளைச் சொன்ன அந்தப் பின்னேரம்தான்.