ஜமீன்தாரின் ‘ம்’

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் காதல் நாவலில் வரும் ஜமீன்தார் பேசுவது பெரும்பாலும் ஓர் எழுத்துதான்: ‘ம்’. கதாநாயகி அவனை வண்டி வண்டியாகக் கிண்டல் செய்வாள். அவன் குதிரை மேலிருந்தபடி ஒரு புருவத்தை உயர்த்தி, ‘ம்’ என்பான். எனக்கு இங்கே புல்லரிக்கும்.

சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலையில் செல்போன் போர்டுகளைச் சோதித்து அனுப்பும் வேலை எனக்கு. போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் அதே நாவல்தான். பக்கத்தில் உட்காரும் திருநெல்வேலித் தோழிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

“ஏட்டி, இவன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?”

“அதுக்குப் பேரு கம்பீரம்டி.”

“நம்ம சூப்பர்வைசரும்தான் பேசமாட்டாரு. அவருக்குப் பல்வலி.”

அந்தச் சமயத்தில்தான் குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் பெண் பார்க்க வந்தார். ஒரகடத்தில் வேலை, மடிப்புக் கலையாத சட்டை. வந்த வரன்களையெல்லாம் நான் தட்டிக் கழித்த கடுப்பில் இருந்தார் அப்பா. இன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு.

வேலையெல்லாம் எப்படி என்று அப்பா கேட்டார். ‘ம்’ என்றார் மாப்பிள்ளை. இன்னொரு பஜ்ஜி வைக்கட்டுமா என்று அம்மா கேட்டாள். புருவம் உயர்ந்தது. ‘ம்.’

அந்தப் புருவத்திலேயே நான் அவுட். ஆனாலும் தோழியின் பல்வலி நினைவுக்கு வந்து தொலைத்தது. நாவல் என்றால் மூடி வைத்துவிடலாம். பேசாத சுவரோடு ஆயுசுக்கும் குடித்தனம் நடத்த முடியுமா? பயமாகவே இருந்தது. தனியாகப் பேச வேண்டும் என்றேன். தோட்டத்துக் குழாயடியில் நின்று கதாநாயகி தோரணையில் கேட்டேன்.

“இந்த மௌனம் பரம்பரைச் சொத்தா, உங்க சொந்த சம்பாத்தியமா?”

மாப்பிள்ளை எங்கள் கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மடை திறந்துகொண்டது.

“தப்பா எடுத்துக்காதீங்க. நான் வாயத் தொறந்தா மூட மாட்டேன். போன எடத்துல அதுக்கே வேணான்ட்டாங்க. இந்த தபா ‘ம்’ மட்டும் சொல்லுன்னு எங்கம்மா இட்டுகினு வந்துச்சு. பஜ்ஜில உப்பு கம்மி. உங்கப்பா மீசைல மை ஜாஸ்தி. அப்பால அந்த...”

ஜமீன்தார் குதிரையிலிருந்து தொப்பென்று விழுந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மனசு அவ்வளவு லேசாகிவிட்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: “இன்னாம்மா, புடிச்சிருக்கா?”

ஒரு புருவத்தை உயர்த்தி, “ம்” என்றேன்.