பனிமலை வீட்டின் அடுப்படி

பனிச்சறுக்குக்கு முழங்காலை மடக்கி நிற்கப் பழக வேண்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் சாயங்காலம் தோறும் பழகினேன். ஐம்பதை நெருங்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, டிராக் சூட் போட்டுக்கொண்டு, தேயிலைச் செடிகளைப் பார்த்து அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், முட்டி வலியா? தைலம் இருக்கு, தரவா?" என்று கேட்டார். அண்ணன் என்னை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகிறார், பனியில் சறுக்கப் போகிறேன் என்றேன். "ஏன், இங்க குளிர் பத்தலையா லா?" என்றார். பத்தவில்லைதான். பனியில் ஒரு முறையாவது சறுக்கிப் போக வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயது ஆசை. அதை அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அண்ணன் கோலாலம்பூரில் பெரிய இன்ஜினியர். ஆல்ப்ஸ் மலையில் ஒரு சின்னக் கிராமத்தில் மர வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு முழுசாக எடுத்திருந்தார். வெந்நீர்த் தொட்டி, கணப்பு, சறுக்குமிடம் வரை கொண்டுபோய் விடக் கார் என்று சகல வசதியும் உள்ள வீடு. "நீ தனியா இங்க என்னா பண்ணப் போற, வந்துடு. உன் ஆசை எனக்குத் தெரியாதா?" என்றார். போனை வைத்த பிறகு அழுதுவிட்டேன்.

மறுவாரம் அண்ணி கூப்பிட்டார். "அங்க எல்லாம் ரொட்டியும் சீஸும்தான். கொஞ்சம் மசாலா அரைச்சு எடுத்துட்டு வந்துரு," என்றார். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு விசேஷம் என்றால், சொந்தக்காரப் பெண்கள் வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குத்தான் போவார்கள். முன் அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தால் அவள் வேற்று ஆள் என்று அர்த்தம். என் அத்தை ஒருவர், கல்யாண வீட்டில் தன்னை வெங்காயம் உரிக்கக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போயிருக்கிறார். அந்த வழியில் வந்தவள் நான். அண்ணி உரிமையோடு கேட்கிறார் என்று பூரித்துப்போய், மீன் குழம்புக்கு, கோழிக்கு, சாம்பாருக்கு என்று தனித்தனியாக வறுத்து அரைத்துக் கட்டினேன். பெட்டியில் துணிக்கு இடமே இல்லை.

கிராமம் அவ்வளவு அமைதி. கூரையெல்லாம் பனி, பழைய மாட்டுத் தொழுவங்கள், ஒரு மணிக்கூண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண் வாசலில் வரவேற்றாள். அண்ணன் குடும்பத்தை மாடி அறைகளுக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் சமையலறைக்கு அழைத்துப் போய், அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது, குப்பையை எங்கே போடுவது என்று காட்டினாள். எதற்கு என்னிடம் காட்டுகிறாய் என்று கேட்டேன். இந்த வீட்டை எடுத்தால் சமையல்காரர் ஒருவரும் சேர்ந்தே வருவாராம். அவர் வேண்டாம், சமைக்க நாங்களே ஒருவரைக் கூட்டி வருகிறோம் என்று உங்கள் குடும்பத்தார் சொல்லிவிட்டார்களே என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு சமையலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையைத் திறந்து, இதுதான் உங்களுக்கு என்றாள்.

அப்போதும் நான் நம்பவில்லை. அவளுக்குத்தான் ஏதோ குழப்பம் என்று நினைத்தேன். மறுநாள் காலை சறுக்குப் பூட்ஸ் வந்தது. அண்ணனுக்கு, அண்ணிக்கு, பிள்ளைகள் இரண்டு பேருக்கு. என்னுடையது எங்கே என்று கேட்டேன்.

"உனக்குச் சொல்லல. இந்த வயசுல விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்கறது?" என்றார் அண்ணி. அண்ணி என்னைவிட மூத்தவர்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். "மத்தியானம் வந்துருவோம். சோறு மட்டும் சூடா இருக்கட்டும்," என்றார்.

அன்று சாயங்காலம் நேராகவே கேட்டேன். "அண்ணே, என்னைச் சமைக்கத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"என்னா பேச்சு பேசற? அந்த ஆளு செய்யறத பிள்ளைங்க வாயில வைக்காதுங்க. நம்ம குடும்பத்துக்குத்தானே செய்யற. உனக்கும் பனி பாத்த மாதிரி ஆச்சு."

பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு நாள் நானே கடைத்தெருவுக்குப் போய்ச் சறுக்கப் பழகிக்கொடுப்பவர்களிடம் கேட்டதில், அந்த வாரம் இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வேலை செய்தது எனக்குப் பெரிசில்லை. சமைக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். என் ஆசையைச் சொல்லி அல்லவா கூப்பிட்டார்? கூடப் பிறந்தவரே இப்படிக் கழுத்தை அறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டு அக்காவிடம்கூட, நன்றாகச் சறுக்கினேன் என்றுதான் சொல்லி வைத்தேன்.

சில மாதம் கழித்து, பிரிஞ்சாங் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். "வருஷக் கடைசியில ஜப்பான் போலாம்னு இருக்கோம். அங்கயும் பனிதான். இந்தத் தடவ உனக்கும் பூட்ஸ் சொல்லிடறேன், வா," என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மனசு கிளம்பிவிட்டது. ஆனாலும், "நான் வரலண்ணே," என்றேன். ஏன் என்று கேட்பார், கொஞ்சம் வற்புறுத்துவார், அப்போது மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணியிடம் சொல்வது கேட்டது.

"அவ வரலியாம். சமையலுக்கு வேற ஆளு பாரு."