முதல் நாற்காலிக்காரரின் தோள்பட்டை

அந்த முடிதிருத்தும் கடையில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டியது அவருடையது, உள்ளே இருந்தது அவர் சகலையுடையது. அக்காளை இவர் கட்டியிருந்தார், தங்கச்சியை அவன் கட்டியிருந்தான். கடைக்கு வருகிறவர்கள் இவரை 'முதல் நாற்காலி' என்றே கூப்பிடுவார்கள். மனுஷனுக்கு அந்தப் பேரில் அப்படி ஒரு பெருமை.

ஒரு நாள் காலையில் வாசற்படியைக் கழுவிவிட்டு ஷட்டரை மேலே தள்ளினார். ஈரப்படியில் கால் வழுக்கிவிட்டது. உடம்பு கீழே போக, ஷட்டரைப் பிடித்த கை மட்டும் மேலேயே நின்றது. வலது தோள் மூட்டு கழன்று முன்பக்கமாக முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சகலை ஓடிவந்து, வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியால் அந்தக் கையை நெஞ்சோடு கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் கையைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். போன உயிர் திரும்பி வந்தது.

"மூணு வாரம் கை கழுத்துல மாட்டின இந்தத் தூளியை விட்டு வெளிய வரக்கூடாது. அப்புறம் பயிற்சி. தோளுக்கு மேல தூக்கி வேலை செய்ய மூணு மாசம் ஆகும். அவசரப்பட்டா மறுபடி கழண்டுடும்," என்றார் டாக்டர்.

"அது வரைக்கும் என் நாற்காலி?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சகலைதான், "அது எங்கண்ணே ஓடிப்போகுது," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். இவருக்கோ அதுவே சுருக்கென்று தைத்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளுமா? நாலாம் நாளே கையைத் தூளியில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்பது அவருக்கு முழுசாகத் தெரிந்தது. பதினேழு வருஷமாகத் தன் கைக்கே தலையைக் கொடுத்த ஓய்வுபெற்ற தபால்காரர், இப்போது இரண்டாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். தன்னிடம் அவர் 'சின்னதா வெட்டுங்க' என்பதைத் தவிர வாயைத் திறந்ததே இல்லை.

தபால்காரரின் உச்சியில் இரட்டைச் சுழி. கொஞ்சம் அதிகமாக வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும்.

"அண்ணே, சுழிகிட்ட எவ்வளவு விடுவீங்க?" என்று சகலை கேட்டான்.

"உனக்குத் தெரியாததா," என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் தானாகவே பார்த்து வெட்டினான். முடி படிந்தே இருந்தது. அன்றைக்கு மத்தியானம் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. சுவரில் விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏற வேண்டும். விரல் எட்டிய இடத்தில் மனைவி தினமும் பென்சிலால் கோடு போடுவாள்.

"எரியிற எரிச்சலுக்குக் கை இந்நேரம் கூரையைத் தொட்டிருக்கணுமே," என்பாள்.

இத்தனையிலும் அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம், சகலையின் தலை. காது இரண்டும் முடிக்குள் மூழ்கி, பறட்டையாகக் கிடந்தது. ஊர்த் தலையெல்லாம் சீவிவிடுகிறவன் தன் தலையைப் பார்க்கவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

அவர் தலைமுடியும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வது பதினெட்டு வருஷப் பழக்கம். அடிபட்ட வாரம் அது தப்பிப்போயிற்று. ஐந்தாம் வாரம் அடுத்த முதல் திங்கட்கிழமை வந்தபோது, "உட்காருங்கண்ணே, உங்களுக்காவது வெட்டிவிடறேன்," என்றான் சகலை.

என் ஆட்களைப் பிடித்துக்கொண்டாய், என் தலையும் வேண்டுமா உனக்கு என்று இவருக்குப் பொங்கியது. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, நேரே நாலு தெரு தள்ளி இருந்த வேறொரு கடையில் போய்த் தலையைக் கொடுத்தார். அங்கே அவசரக்காரன் ஒருவன் காதுக்கு மேலே படிக்கட்டு கட்டி அனுப்பினான்.

மறுநாள் சகலை அந்தத் தலையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தான்.

"யாரு வெட்டினது?"

"ஒரு கடையில."

"நல்லா வெட்டுவானா? என்னைவிட நல்லா வெட்டுவானா?"

இவர் காதுக்கு மேலிருந்த படிக்கட்டை இடக்கையால் மூடிக்கொண்டார்.

"உங்க கை சரியாகட்டும்னு நான் இந்தக் காட்டைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் கேலி பண்றாங்க. நீங்க ஒரு மாசத்துலயே வேற கையைத் தேடிப் போயிட்டீங்க, இல்ல?" என்றான். கண்ணாடியில் அந்தப் பறட்டைத் தலையை இப்போதுதான் சரியாகப் பார்த்தார் முதல் நாற்காலிக்காரர். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒன்பதாம் வாரம் டாக்டர், "தோள் உயரம் தாண்டாம லேசா வேலை செய்யலாம்," என்றார். இவர் அங்கிருந்து நேரே கடைக்கு வந்தார். நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் சகலையின் தலை உயரமாகவே இருந்தது. கடைசியில் இவர் தன் முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், சகலை அவர் முன்னே கால்மணையில் முதுகு காட்டி உட்கார்ந்தான். நாலு வெட்டு, ஒரு ஓய்வு என்று வேலை மெல்ல நடந்தது.

பாதியில் தபால்காரர் வந்தார். இருவரையும் பார்த்தார், நேரே போய் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார். இவருக்கு வயிற்றில் பழைய நெருப்பு மறுபடி பற்றிக்கொண்டது.

"வாப்பா, எனக்கு அவசரம். அவருதான் எங்கயும் போகப்போறதில்லையே," என்றார் தபால்காரர் சகலையிடம்.

சகலை தலையைத் திருப்பவே இல்லை. "காத்திருங்க. ரெண்டு மாசமா இந்தக் கைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றான்.

வெட்டு அடுத்த அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் முதல் நாற்காலிக்காரர் சீப்பை எடுத்து, தபால்காரர் பார்த்துக்கொண்டே இருக்க, இன்னும் கால் மணி நேரம் அந்தத் தலையைச் சீவிக்கொண்டே இருந்தார்.