பிளாக் என்றால் கறுப்பா?

எங்கள் பட்டறையில் அவருக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட் வாசலைக்கூட மிதிக்காத மனுஷன். பெயர்ப்பலகை வெட்டுகிற லேசர் மெஷினோடு பாதி ஆயுசைக் கழித்தவர். எனக்கு அவர் அண்ணன்; கூடப் பிறக்கவில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. நான் பேக்கிங் மேஜையில் இருப்பவள். ஒரு பக்கம் வெட்டறை, மறுபக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் டிசைன் அறை. நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. யாரோ சொல்லக் கேட்டு அளக்கவில்லை.

மரமும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை சும்மா விடுமா? அண்ணனுக்கு இருமல் பிடித்தது. இன்னும் அந்த அறையில் நின்றால் நுரையீரல் மிஞ்சாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். அண்ணன் முதலாளியிடம் போய்க் கெஞ்சினார். காலில் விழாத குறைதான்.

"சரி, டிசைன்ல உக்காரு. ஒரு மாசத்துல சாப்ட்வேர் கத்துக்கணும். வரலேன்னா மெஷினுக்குப் போ. அதுவும் முடியலேன்னா வீட்டுக்குப் போ" என்றார் முதலாளி.

கற்றுக்கொடுக்க வேண்டியவள் முதலாளியின் அக்கா மகள். கெட்டிக்காரிதான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! அண்ணன் முதல் படத்தைப் போட்டு முடித்ததும், "சேவ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். இவர் தாடையைத் தடவிக்கொண்டு, "காலைலயே பண்ணிட்டேன் மேடம்" என்றார். அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். வாசலில் நின்ற டெலிவரிக்காரனைக் கூப்பிட்டு, அதை இன்னொரு தடவை இவரையே சொல்லவைத்தாள்.

அதற்கப்புறம்தான் லேயர் வந்தது. கண்ணாடித்தாள் மேல் கண்ணாடித்தாள் வைத்து வரைகிற மாதிரி, படத்தை அடுக்கடுக்காகப் போடுவதாம். வேண்டாத அடுக்கை மறைக்கச் சொல்லி, "அந்த லேயர ஆஃப் பண்ணுங்க" என்றாள். இவருக்கு அது லாயர் என்று காதில் விழுந்திருக்கிறது. "லாயர எதுக்கு மேடம் ஆஃப் பண்ணணும்? நமக்குக் கேஸ் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார். போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்க வக்கீல். டீக்கடைக்காரர் வரைக்கும் "வக்கீலய்யா, சர்க்கரை போடவா?" என்றார்.

என் மாதிரி ஆளாக இருந்தால் அதோடு வாயை மூடியிருப்பேன். அண்ணன் மூடவில்லை. வெட்கம் பார்த்தால் மறுபடி புகைக்குள் போகவேண்டுமே! சிரித்தாலும் கேட்டார், ஒரே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வேலையும் படிந்தது. மாதம் முடிகிற வாரத்தில் முதலாளி அவரிடம் ஒரு ஆஸ்பத்திரித் திறப்பு விழாப் பலகையைக் கொடுத்தார். நல்ல மரம், பெரிய பலகை. "இத முடிச்சிட்டா நாற்காலி உனக்குத்தான்" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

எழுத்தெல்லாம் போட்டு முடித்துவிட்டு அவளைக் கேட்டார். "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பிளாக் ஆக்குங்க" என்றாள் அவள். சிதறிக் கிடக்கிற கோடுகளை ஒரே கட்டாகக் கட்டிவைப்பதற்கு அந்தச் சாப்ட்வேரில் பிளாக் என்று பெயர். கறுப்புக்கும் நாம் பிளாக் என்றுதானே சொல்கிறோம்? தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே எழுத்து. எங்கள் மெஷினிலோ சிவப்புக் கோடு என்றால் மேலாகக் கீறும். கறுப்புக் கோடு என்றால் அடிவரைக்கும் அறுத்துவிடும். அண்ணனுக்கு அது தெரியாதா? அதனால்தான் கேட்டார்.

"பிளாக்னா கறுப்பா மேடம்? கறுப்புன்னா அறுத்துடுமே?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என்ன விளையாட்டென்று எனக்குப் புரியவில்லை. "அது பழைய கதை அண்ணே. புது சாப்ட்வேர்ல கறுப்புதான் கீறல். எல்லாத்தையும் கறுப்பாக்கி அனுப்புங்க."

"நிச்சயமா மேடம்?"

"எத்தன தடவ கேப்பீங்க வக்கீலே?"

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். வந்து சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ, மறந்தே போனாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். அண்ணன் கறுப்பாக்கினார், அனுப்பினார். மெஷினில் புதிதாக நிற்கிறவன் திரையைப் பார்க்காமல் பட்டனைத் தட்டினான்.

பலகையைத் தூக்கியபோது எழுத்தெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. எழுத்துக்குள் இருக்கிற சுழிகூட மிச்சமில்லை. அமைச்சர் பெயர் இருந்த இடத்தில் வரிசையாக ஓட்டை. அண்ணன் தரையில் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

முதலாளி வந்து பார்த்தார். கத்தக்கூட இல்லை. "ஏன்யா, தெரியலேன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் சார்."

"யார்கிட்ட?"

சாப்பிட்டுவிட்டு வந்து நின்ற அவளை அண்ணன் பார்த்தார். அவள் தயங்கவே இல்லை. "ஐயோ மாமா, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். பிளாக்னா கறுப்பான்னு கேக்கறார் மாமா! நிஜமாவே கறுப்பாக்கிடுவார்னு யாருக்குத் தெரியும்?"

"அவர் ரெண்டு தடவ கேட்டாரு சார்" என்றேன் நான்.

"நீ உன் பேக்கிங்கப் பாரு" என்றார் முதலாளி. அப்புறம், பாவி மனுஷன், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இது சரிப்பட்டு வராதுப்பா. நாளைலேந்து மெஷினுக்கே போ" என்றார்.

வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறுநாள் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டறைக்குள் நுழைந்தார். மத்தியானத்துக்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. குடலைப் புரட்டுகிற இருமல்.

டிசைன் அறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இங்க கான்சன்ட்ரேட் பண்ணவே முடியல. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா?"

புகை வெளியே போக அந்தக் கதவை விட்டால் வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும். ஒன்றுமே கேட்காமல் எழுந்து வந்து சாத்திக்கொண்டார்.